மடித்து வைத்த தாளில் ஒரு வாக்கியம்

மாத்திரைப் பெட்டியை வாங்கினால் அதனுள் எட்டாக, பதினாறாக மடித்த மெல்லிய தாள் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலோர் அதைப் பிரிப்பதே இல்லை. பிரித்தவர்கள், பழைய மடிப்பில் மறுபடியும் மடிக்க முடியாமல் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். கதைக்கும் கவிதைக்கும் மதிப்புரை எழுதுகிறோம். திரைப்படத்திற்கு விமரிசனம் எழுதுகிறோம். உலகில் பல லட்சம் பேருடைய உடலோடு நேரடித் தொடர்புடைய இந்தத் தாளுக்கு மட்டும் யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. இம்மாதம் நாம் அப்படியொரு தாளை எடுத்துக்கொள்வோம். அதிலும் ஒரு வாக்கியத்தை மட்டும்.

தாள், பினாஸ்டெரைடு என்னும் மருந்தினுடையது. ஆண்களுக்கு ஏற்படும் பரம்பரை வழுக்கைக்காக 1 மில்லிகிராம் மாத்திரையாக 1997 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி வழங்கியது. மெர்க் கம்பெனி இட்ட விற்பனைப் பெயர் புரோபீஷியா. இன்று பல நாடுகளில் பல பெயர்களில் பல கம்பெனிகள் இதைத் தயாரிக்கின்றன. நம் நாட்டில் இது மருத்துவரின் சீட்டைக் காட்டி வாங்க வேண்டிய மருந்து. நோயாளி படிப்பதற்கென்று அமெரிக்கத் தாளில் தொடக்கத்தில் அச்சிடப்பட்டிருந்த பகுதியில், பாலியல் தொடர்பான பக்கவிளைவுகளைப் பற்றிய வாக்கியம் ஏறத்தாழ இந்தப் பொருளில் இருந்தது: இச்சை குறைதல், விறைப்பு ஏற்படுவதில் தொல்லை, விந்தின் அளவு குறைதல் ஆகியவற்றுள் ஒவ்வொன்றும் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவானவர்களிடமே காணப்பட்டது, இவற்றின் பொருட்டு மருந்தை நிறுத்தியவர்களுக்கு இவை மறைந்துவிட்டன.

படித்ததும் மனம் அமைதியடைகிறதல்லவா? இருபது வயதில் முன்நெற்றி ஏறத் தொடங்கிய ஒரு மாணவனும் இதைப் படித்து அமைதியடைவான். கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் அவனுக்குத் தன் தந்தையின் தலை தெரிகிறது. மாத்திரையை அவன் ஒரு மாதம், இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு நிறுத்தப்போவதில்லை. நிறுத்தினால் கிடைத்த பயன் ஓராண்டுக்குள் போய்விடும் என்று அதே தாள் கூறுகிறது. ஆகவே பத்து, இருபது ஆண்டுகளுக்கு அவன் செய்யப்போகும் ஒரு முடிவுக்கு இந்த ஒரு வாக்கியம் அடிப்படை. தொல்லை ஏதேனும் வந்தாலோ, அது வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் தொல்லை. அதனால்தான் இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மருந்து என்ன செய்கிறது என்று காண்போம். ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டெரோன் விரைகளில் சுரக்கிறது. தோல், புரோஸ்டேட் சுரப்பி முதலிய இடங்களில் 5-ஆல்பா ரிடக்டேஸ் என்னும் என்சைம் அதைச் சிறிது மாற்றி டைஹைட்ரோடெஸ்டோஸ்டெரோன் ஆக்குகிறது. பெயர் மிக நீளம், டி.எச்.டி. என்று சுருக்கிக்கொள்வோம். பரம்பரையாக வழுக்கை விழும் உச்சந்தலை மயிர்க்கால்களில் இந்த டி.எச்.டி. முடியின் வளர்பருவத்தைச் சுற்றுக்குச் சுற்று குறுக்குகிறது. முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமயிராய்ப் போகிறது. ஆண் ஹார்மோன்கள்தாம் முகத்தில் தாடியை வளர்ப்பவையும். ஒரே உடம்பில், ஒரு சாண் இடைவெளியில், ஓரிடத்தில் உரமாகவும் மற்றோரிடத்தில் களைக்கொல்லியாகவும் அவை வேலை செய்வது வியப்புக்குரியது. பினாஸ்டெரைடு மேற்கூறிய என்சைமைத் தடுத்து, ரத்தத்தில் டி.எச்.டி. அளவை ஏறத்தாழ 70 சதவீதம் குறைக்கிறது. டெஸ்டோஸ்டெரோன் குறைவதில்லை, சற்றுக் கூடவே செய்கிறது.

வழுக்கைக்கும் ஆண் ஹார்மோனுக்கும் உள்ள உறவை 1942-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் உடற்கூற்று அறிஞர் நிலைநாட்டினார். பருவமடையுமுன் விரைகளை இழந்தவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், அவர்களுள் குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டெரோன் கொடுத்தால் வழுக்கை தொடங்குகிறது என்றும் அவர் கண்டார். அலிகளுக்கு வழுக்கை இல்லை என்பதை அரிஸ்டாட்டிலே குறித்து வைத்திருக்கிறார். ஆனால் இதைக் கொண்டு யாருக்கும் மருந்து செய்ய முடியாது. முடிக்காக விரையைக் கொடுக்க யார் முன்வருவார்?

வழி திறந்தது 1974-ல். கரீபியன் கடலில் உள்ள டொமினிகன் குடியரசின் தென்மேற்கே சலினாஸ் என்றொரு கிராமம். அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்ணைப் போன்ற வெளியுறுப்புகளோடு பிறந்து, பெண்களாகவே வளர்க்கப்பட்டு, பருவ வயதில் குரல் உடைந்து, தசை திரண்டு, ஆண்களாக மாறிவந்தனர். ஜூலியன் இம்பெராடோ-மக்கின்லி என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இவர்களை ஆராய்ந்து, 5-ஆல்பா ரிடக்டேஸ் குறைபாடே காரணம் என்று அறிவித்தனர். கருவில் ஆணின் வெளியுறுப்புகள் உருவாவதற்கு டி.எச்.டி. தேவை, பருவ வயது மாற்றங்களுள் பலவற்றிற்கு டெஸ்டோஸ்டெரோனே போதும். இம்மனிதர்கள் வளர்ந்த பிறகும் புரோஸ்டேட் சிறிதாகவே இருந்தது. நெற்றி முடி ஏறவுமில்லை. மெர்க் கம்பெனியார் இதிலிருந்து குறிப்பெடுத்தனர். வயதானவர்களின் புரோஸ்டேட் வீக்கத்திற்கு 5 மில்லிகிராம் மாத்திரை 1992-ல் புரோஸ்கார் என்ற பெயரில் வந்தது. ஐந்தாண்டு கழித்து அதே பொருள் ஐந்தில் ஒரு பங்கு அளவில் தலைமுடிக்கு வந்தது.

இந்தச் சலினாஸ் கதையைச் சொல்லும் எழுத்தாளர்கள் பலர் அத்துடன் ஒரு முடிவையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். இயற்கையே சோதனை நடத்திக் காட்டிவிட்டது, டி.எச்.டி. இல்லாமலும் ஆண் நலமாக வாழலாம், ஆகவே மருந்து தீங்கற்றது என்பது அவர்கள் வாதம். கதை சுவையானது, வாதம் நொண்டி. பிறந்தது முதல் ஒரு பொருள் இல்லாமலே வளர்ந்த உடம்பும், இருபது ஆண்டுகள் அதனோடு வளர்ந்தபின் திடீரென்று அதை இழக்கும் உடம்பும் ஒன்றாகா. இடக்கையாலேயே எழுதிப் பழகியவன் அழகாக எழுதுகிறான் என்பதற்காக உங்கள் வலக்கையைக் கட்டிவிட்டு எழுதச் சொல்ல முடியுமா?

இப்போது நம் வாக்கியத்திற்கு வருவோம். அதன் முதற்பாதி, ‘ஒவ்வொன்றும்’ என்ற சொல்லின் மேல் நிற்கிறது. இச்சை குறைந்தவர்கள் 1.8 சதவீதம், விறைப்புத் தொல்லை 1.3 சதவீதம், விந்து வெளியேற்றத்தில் கோளாறு 1.2 சதவீதம். தனித்தனியே எல்லாம் இரண்டுக்குள்தான். ஆனால் நம் மாணவன் அறிய விரும்புவது என்ன? தனக்கு இவற்றுள் ஏதேனும் ஒன்று வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதுதானே? அதற்கான விடையும் அதே ஆவணத்தில், மருத்துவர்களுக்கென்று பொடி எழுத்தில் அச்சிட்ட பகுதியில் இருக்கிறது. ஓராண்டுச் சோதனைகளில் மருந்து உண்ட 945 பேரில் 36 பேர், அதாவது 3.8 சதவீதம், ஏதேனும் ஒரு பாலியல் தொல்லையைக் கூறினர். மருத்துவர் படிக்கும் பக்கத்தில் 3.8; நோயாளி படிக்கும் பக்கத்தில் ‘இரண்டுக்கும் குறைவு’. இரண்டும் பொய்யல்ல. எது யாருக்கு என்று தேர்ந்தெடுத்த கை எது என்பதுதான் கேள்வி.

அவசரப்பட்டு 3.8 பேரும் மருந்தால் கெட்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை உண்ட 934 பேரிலும் 20 பேர், அதாவது 2.1 சதவீதம், இதே தொல்லைகளைக் கூறினர். வேலைக் கவலை, உறக்கக் குறைவு, குடும்பச் சச்சரவு என இச்சையைக் குறைக்க உலகில் எவ்வளவோ இருக்கின்றன. ஆகவே மருந்தின் கணக்கில் எழுத வேண்டியது இரண்டிற்கும் உள்ள வேறுபாடாகிய 1.7. சுமார் அறுபது பேர் மாத்திரை உண்டால் ஒருவருக்கு, அது இல்லாவிட்டால் வந்திராத தொல்லை வருகிறது. இது பயங்கரமான எண்ணன்று. ஒதுக்கித் தள்ளும் எண்ணுமன்று. வெளிப்படையாக எழுதியிருந்தால் வாசகன் தானே எடைபோட்டிருப்பான்.

பொடி எழுத்துப் பகுதியில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை அதிகம் பேர் கவனித்ததாகத் தெரியவில்லை. சோதனையில் பங்கு கொண்டவர்களிடம் நுட்பமான மாற்றங்களை அறிய ஒரு வினாத்தாள் தரப்பட்டது. பன்னிரண்டாம் மாதத்தில் நான்கு துறைகளுள் மூன்றில், அதாவது பாலுறவில் ஆர்வம், விறைப்பு, தமக்குத் தொல்லை உண்டு என்னும் உணர்வு ஆகியவற்றில், வெற்று மாத்திரை உண்டவர்களே மேலாக இருந்தனர். மொத்தத்தில் மனநிறைவு உண்டா என்ற நான்காவதில் மட்டும் வேறுபாடு இல்லை. புள்ளியியல்படி பொருளுள்ள வேறுபாடு என்றால் பெரிய வேறுபாடு என்று பொருளன்று. இது சிறியதாகவே இருந்திருக்கலாம். ஆயினும், தானாக வந்து புகார் சொன்னவர்களை எண்ணுவதும், எல்லாரிடமும் கேள்வி கேட்டு எண்ணுவதும் வேறு வேறு முறைகள். இரண்டாவது முறையின் முடிவு நோயாளியின் பக்கத்தை எட்டவேயில்லை.

முடியை எண்ணிய முறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உச்சந்தலையில் ஓர் அங்குலக் குறுக்களவுள்ள வட்டத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கி, முடி முடியாக எண்ணினார்கள். தொடக்கத்தில் சராசரி 876 முடி. ஓராண்டு முடிவில் இரு பிரிவினருக்கும் இடையே 107 முடி வேறுபாடு. இரண்டாண்டு முடிவில் 138. மருந்து வேலை செய்கிறது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் முடிக்குக் காட்டிய இந்த நுணுக்கத்தில் பாதியை மறுபக்கத்திற்கும் காட்டியிருக்கலாம்.

வாக்கியத்தின் பிற்பாதிதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ‘மருந்தை நிறுத்தியவர்களுக்கு மறைந்துவிட்டன.’ எத்தனை பேருக்கு? அந்த ஓராண்டில், மருந்தால் வந்ததாகக் கருதப்பட்ட எல்லா வகைத் தொல்லைகளுக்காகவும் மாத்திரையை நிறுத்தியவர்களே 1.4 சதவீதம்தான். 945-ல் அது 13 பேர். பாலியல் தொல்லைக்காக நிறுத்தியவர்கள் இதற்கு மேல் இருந்திருக்க முடியாது. மாணவர்கள் இந்த இடத்தில் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். நிறுத்திய பிறகும் பத்தில் ஒருவருக்குத் தொல்லை நீடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒருவர் தேறும் வாய்ப்பு 0.9. பதின்மூன்று பேரும் தேறும் வாய்ப்பை அறிய 0.9-ஐப் பதின்மூன்று முறை பெருக்குங்கள். விடை ஏறத்தாழ 0.25. அதாவது, பத்தில் ஒருவருக்கு நீடிக்கும் கேடு உண்மையில் இருந்தாலும், நாலில் ஒரு முறை இச்சோதனை அதைக் காணாமலே போயிருக்கும். நூறில் ஒருவருக்கு நீடிக்கும் கேடாயின், காணாமற் போவதற்கே வாய்ப்பு மிகுதி. ‘மறைந்துவிட்டன’ என்பது நடந்த செய்தி. ‘மறைந்துவிடும்’ என்று வாசகன் அதைப் படித்துக்கொண்டான். தாள் அவனைத் தடுக்கவில்லை.

பின்னர் நடந்தவை இந்த வாக்கியத்துக்கு மற்றவர்கள் எழுதிய திருத்தங்கள். பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2009 டிசம்பரில், மருந்தை நிறுத்திய பின்னும் விறைப்புக் குறைபாடு நீடித்ததாகப் புகார்கள் வந்துள்ளன என்று எச்சரித்தது. அமெரிக்கத் தாளில் 2011-ல் விறைப்புக் குறைபாடு இவ்வகையில் சேர்க்கப்பட்டது. 2012 ஏப்ரலில் இச்சைக் குறைவு, விந்து வெளியேற்றக் கோளாறு, உச்ச இன்பக் கோளாறு ஆகியனவும் சேர்ந்தன. விற்பனை தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து! 2015-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று, வழுக்கைக்கான பினாஸ்டெரைடு சோதனைகள் 34-ஐ எடுத்து, பாதுகாப்புச் செய்திகளைப் போதுமான அளவில் தெரிவித்தவை எவை என்று பார்த்தது. ஒன்றுகூட இல்லை. ஓரளவு தெரிவித்தவை 19, போதாதவை 12, பக்கவிளைவைப் பற்றிப் பேசாதவையே 3. இதே குழு, தங்கள் மருத்துவமனைப் பதிவேட்டில் வழுக்கைக்காக இம்மருந்து பெற்ற 5,704 பேரையும் பார்த்தது. அவர்களுள் முதற் சோதனைகளின் தகுதி விதிகளுக்குப் பொருந்துபவர்கள் 31 சதவீதம் மட்டுமே. பொறுக்கி எடுத்த நலமான ஆண்களிடம் கண்ட எண், கடையில் வாங்கிச் சாப்பிடும் எல்லாருக்கும் பொருந்தும் என்று எப்படிச் சொல்வது?

மறுதரப்பாரையும் விட்டுவிடுவதற்கில்லை. இம்மருந்தால் வாழ்வே பாழானது என்று கூறுவோர் காட்டும் ஆய்வுகளுள் ஒன்று 2011-ல் வெளியானது. அதில் 71 ஆண்கள். மிகப் பெரும்பாலோருக்கு இச்சைக் குறைவும் விறைப்புக் குறைபாடும் நீடித்தன. ஆனால் தொல்லை நீடிப்பவர்களையே தேடிச் சேர்த்த 71 பேர் அவர்கள். அவர்கள் துன்பம் உண்மை. அதிலிருந்து நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கிட வழியில்லை. மருத்துவமனை வாசலில் நின்று ஊரில் எத்தனை பேர் நோயாளி என்று எண்ணுவது போலாகும் அது.

மனத்தின் வேலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். இத்தாலியில் 2007-ல் வெளியான ஒரு சோதனையில், புரோஸ்டேட் வீக்கத்திற்காக 5 மில்லிகிராம் பெற்றவர்களை இரு பிரிவாக்கினர். பாலியல் பக்கவிளைவுகள் வரலாம் என்று ஒரு பிரிவுக்குச் சொன்னார்கள், மற்றதற்குச் சொல்லவில்லை. ஓராண்டில் தொல்லை கூறியவர்கள், சொல்லப்பட்ட பிரிவில் 43.6 சதவீதம், சொல்லப்படாத பிரிவில் 15.3 சதவீதம். மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே. இதைக் காட்டிச் சில மருத்துவர்கள், ஆகவே நோயாளியிடம் சொல்லாமலிருப்பதே நலம் என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சொல்லப்படாத பிரிவிலும் நூற்றுக்குப் பதினைந்து பேர் தொல்லையோடிருந்தார்கள். காரணம் மாத்திரையாக இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே வழியில்லை. அது அமைதியா, இருட்டா?

நிறுத்தியபின் எப்படி நீடிக்க முடியும் என்பது நியாயமான கேள்வி. மருந்தை நிறுத்தினால் இரு வாரங்களில் ரத்தத்தின் டி.எச்.டி. பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. ஐயுறுவோர் இதைத்தான் முன்வைக்கின்றனர். மற்றவர்கள் மூளையைச் சுட்டுகின்றனர். அதே 5-ஆல்பா ரிடக்டேஸ், புரோஜெஸ்டெரோன் என்னும் ஹார்மோனிலிருந்து மூளையை அமைதிப்படுத்தும் ஆலோபிரெக்னனலோன் என்ற பொருளை உண்டாக்கும் வழியிலும் வேலை செய்கிறது. ஆகையால் இம்மருந்தின் கை தலைத்தோலோடு நிற்பதில்லை. ஆனால் அதனால் நிலையான மாற்றம் விளைகிறது என்று உறுதிப்பட நிறுவப்படவில்லை.

மூளையைப் பற்றிய ஐயம் வெறும் ஊகமாக நிற்காமல் தாளுக்குள்ளும் வந்துவிட்டது. தற்கொலை எண்ணம், முயற்சி பற்றிய புகார்களை அமெரிக்கத் தாளில் சேர்க்க 2022-ல் உத்தரவாயிற்று. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு, தற்கொலை எண்ணம் பினாஸ்டெரைடு மாத்திரையின் பக்கவிளைவே என்று உறுதி செய்தது. பெரும்பாலான புகார்கள் வழுக்கைக்கான 1 மில்லிகிராம் மாத்திரையை உண்டவர்களைப் பற்றியவை. மொத்தம் 313 புகார்கள். மருந்து உட்கொள்ளப்பட்ட அளவோ சுமார் 27 கோடி ஆள்-ஆண்டுகள். அரிது என்று இதிலிருந்து தோன்றும். ஆனால் புகார் எழுதி அனுப்பாதவர்கள் எத்தனை பேர் என்பது இந்த எண்ணில் இல்லை. அதனால்தான் அக்குழு, இது எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்பதற்கு எண் எதுவும் தராமல், ‘தெரியாது’ என்று எழுதச் சொல்லியது. இத்தாளின் வரலாற்றில் மிக நேர்மையான சொல் இதுவே என்பேன். பாலியல் தொல்லையால் மனம் சோர்ந்து அவ்வெண்ணம் எழவும் கூடும் என்று கருதியதால், அத்தொல்லை வந்தாலே மருத்துவரிடம் செல்லுமாறும், மனச்சோர்வு தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்குமாறும் அறிவுறுத்தியுள்ளது.

தாள் நன்றாகச் சொல்லியிருப்பவையும் உண்டு. கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சலினாஸ் குழந்தைகளை நினைத்தால் காரணம் விளங்கும். புரோஸ்டேட் புற்றுநோயை அறியச் செய்யும் பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனையின் எண்ணை இம்மருந்து ஏறத்தாழ பாதியாக்கிவிடும் என்பது மற்றொன்று. ஐம்பது வயதில் அச்சோதனை செய்துகொள்பவர், முடிக்காகத் தான் விழுங்கும் மாத்திரையை மருத்துவரிடம் சொல்லாவிட்டால், உயர்ந்த எண்ணும் சாதாரணமாகத் தோன்றும்.

இப்போது மாத்திரைக்குப் பதிலாக, பினாஸ்டெரைடைக் கலந்து தலையில் பூசும் தைலங்களும் தெளிப்பான்களும் பரவி வருகின்றன. பூசுவதுதானே, உடம்பில் சேராது என்று சொல்லி விற்கிறார்கள். தோல் வழியே அது ரத்தத்தில் கலக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில், மருந்துக் கடைகளே கலந்து தரும் இவ்வகைப் பூச்சுமருந்துகளைப் பற்றி 2019 முதல் 2024 வரை 32 புகார்கள் வந்ததாக அறிவித்தது. விறைப்புக் குறைபாடும் மனச்சோர்வும் அவற்றுள் அடங்கும். நிறுத்திய பின்னும் தொல்லை நீடித்ததாகச் சிலர் கூறினர். பூசும் மருந்து என்பதால் பக்கவிளைவு இராது என்று தமக்குச் சொல்லப்பட்டது என்றும் சிலர் எழுதியிருந்தனர். இவ்வாறு கலந்து தரும் பூச்சுமருந்து எதற்கும் அந்த நிர்வாகத்தின் அனுமதி இல்லை. ஆகவே அனுமதி பெற்ற மாத்திரைக்கு இருப்பது போன்ற, பிரித்துப் படிக்கவும் குறை சொல்லவும் ஏற்ற தாளும் அந்தப் புட்டிகளோடு வருவதில்லை.